நடுவில் சேறு, ஓரத்தில் அட்டை

மழை ஊறிய காபித் தோட்டத்துப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு இரண்டே வழி. நடுவில் போனால் சேறு. வைத்த இடத்தில் கால் நிற்காது. ஓரத்தில் போனால் புல்லும் சருகும் கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும், ஆனால் அங்கேதான் அட்டை காத்துக்கொண்டிருக்கும். நடுவா, ஓரமா? 50 கிலோமீட்டரும் எனக்கு இந்தக் கேள்வியிலேயே போனது. "அவ்வளவு தூரம் ஓடும்போது என்ன மிஸ் நெனைப்பீங்க?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். வாழ்க்கை, லட்சியம் என்று ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போல. அட்டையைத்தான் நினைத்தேன் என்றதும் முகம் விழுந்துவிட்டது.

ஓடியது மல்நாட் அல்ட்ரா. கர்நாடகத்தில் சிக்மகளூர்ப் பக்கத்துக் காபி எஸ்டேட்டுகளுக்குள் அக்டோபர் வாக்கில் நடக்கிற ட்ரெயில் ஓட்டம், அதாவது தார் ரோட்டை விட்டு மண் பாதையில் ஓடுவது. நான் ஓடியபோது 50, 80, 110 என்று கிலோமீட்டர் கணக்கில் பிரிவுகள் இருந்தன. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அல்ட்ரா என்றுதான் பெயர். ஆகவே 50 என்பது அல்ட்ராக்களில் கடைக்குட்டி. 110 ஓடுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும்போது நெஞ்சில் குத்தியிருக்கிற நம் எண் அட்டையைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

நான் ஓசூரில் கணக்கு டீச்சர். பிறந்து வளர்ந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். அம்மாவோடு நடவுக்குப் போய்ப் பழகிய கால், சேறு என்றால் நமக்குத் தெரியாததா என்றுதான் கிளம்பினேன். ஆனால் டெல்டாச் சேறு வேறு சாதி, மலைநாட்டுச் சேறு வேறு சாதி. பரம்படித்த வயலில் கால் வைத்தால் ஆடுசதை வரை உள்ளே போகும், போய் அடியில் கெட்டித் தரையில் நிற்கும். வயல் காலை விழுங்குமே தவிர சறுக்கி விடாது. எடுக்கும்போதுதான் சூட்சுமம். நேராக இழுத்தால் வராது. முதலில் குதிகாலைக் கிளப்பி, பக்கவாட்டில் கொஞ்சம் காற்று போக விட்டு, பிறகு விரலை உருவ வேண்டும். இது தெரியாமல் வெடுக்கென்று இழுத்தால் ஷூ வயலோடு தங்கிவிடும், வெறுங்கால் மட்டும் வெளியே வரும்.

மலைநாட்டில் அடியில் இருப்பது கெட்டிச் செம்மண். அதன் மேலே இரண்டு விரல் கனத்துக்குக் குழைந்த களி. கால் உள்ளே போகாது, மேலேயே வழுக்கும். ஏற்றத்தில் மூன்றடி வைத்தால் ஓரடி பின்னால் வரும். இறக்கத்தில் ஓரடி வைத்தால் மூன்றடி போகும், கணக்குப்படி லாபம்தான். இதில் குதிகாலை முதலில் ஊன்றினால் ஆள் மல்லாக்க விழுவது உறுதி. உள்ளங்கால் முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், கால் எப்போதும் இடுப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும், எடுத்து வைக்கிற அடி குட்டையாக இருக்க வேண்டும். ரோட்டில் ஓடி ஓடிப் பழகியவர்களுக்கு நீளமாக அடி வைப்பது ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். நல்ல வேகக்காரர்கள் பலர் இங்கே தடுமாறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஷூ பற்றி ஒரு வார்த்தை. அடியில் 5, 6 மில்லிமீட்டர் பல் இருக்கிற ட்ரெயில் ஷூ வேண்டும். பல் நீளமாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடையில் களி அப்பிக்கொண்டு நாலாவது நிமிடத்திலேயே அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிடும். ஒவ்வொரு காலிலும் அரைச் செங்கல் கட்டியது போல் கனக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்கப் பலர் இதைத் தட்டாமலேயே போனார்கள். நான் வழியில் கல், வேர், மதகுச் சுவர் எது கிடைத்தாலும் நின்று ஷூவைச் சுரண்டிவிட்டுத்தான் போனேன். கணுக்காலுக்குக் கீழே கடைசி ஓட்டையிலும் லேஸைக் கோத்துக் குதிகால் அசையாமல் கட்டிக்கொள்வதும் முக்கியம். ஓடையைத் தாண்டி ஓரிடத்தில், ஒரு தம்பி முழங்கை வரை சேற்றுக்குள் விட்டுத் தன் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது. ஆனால் அதற்குள் போட்டிருந்தது என்ன நிறம் என்று கேட்டால் அவரே யோசித்திருப்பார்.

பயிற்சிக்கு மலைநாடு வரை போக வழியில்லை. ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை இருக்கிறது, ஏறி இறங்கலாம். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் மழை பெய்த மறுநாள் கேழ்வரகுக் காட்டு வரப்புகளில் ஓடினேன். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு அண்ணன் இருக்கிறார், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "மழை பெய்யறப்போ வீட்டுல உக்காந்தா அக்டோபர்ல அழுவீங்க" என்று சொல்லியே இழுத்துக்கொண்டு போவார். அவரும் 50-க்குப் பதிந்திருந்தார். முதல் இரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை, அவ்வளவு முன்னால் போய்விட்டார். அது வேறு கதை.

விடியும் முன்பே கிளம்பி, ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் வரிசையாக எஸ்டேட்டுக்குள் நுழைந்தோம். முதலில் ஜீப் ரோடு, கொஞ்சம் சரளை, ஓட நன்றாகவே இருந்தது. எல்லோரும் பறந்தார்கள். நான் ஏற்றம் வந்ததும் நடந்தேன். அல்ட்ராவில் ஏற்றத்தில் நடப்பது தோல்வியல்ல, வழக்கம். கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடந்தால், பக்கத்தில் மூச்சிரைக்க ஓடுகிறவரும் நாமும் சேர்ந்தேதான் உச்சிக்குப் போவோம்.

வெளிச்சம் வந்த பிறகு தோட்டம் தெரிந்தது. மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடிகள். அரபிகா பழுத்துப் பறிப்பது நவம்பருக்கு மேல்தான். இப்போது காய் பெரும்பாலும் பச்சை, கொத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் சிவக்க ஆரம்பித்திருந்தன. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி, ஏமனில் இருந்து ஏழு காபிக் கொட்டைகளை ஒளித்துக்கொண்டு வந்து இந்த மலையில்தான் நட்டார் என்று சொல்வார்கள். கர்நாடகத்தின் உயர்ந்த சிகரமான முல்லையனகிரியும் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது, 1,930 மீட்டர். இதையெல்லாம் முந்தைய நாள் பஸ்ஸில் படித்தது. ஓடும்போது என் கவலை ஒன்றே ஒன்றுதான்: வழுக்கும்போது எதைப் பிடிக்கலாம். காபிச் செடியைப் பிடிக்கக் கூடாது. கிளை ஒடியும், காய் உதிரும், அது யாரோ ஒருவருடைய வருஷ வருமானம். சில்வர் ஓக் மரத்தைப் பிடிக்கலாம், ஆனால் மிளகுக் கொடியை விட்டுவிட்டு. ஒன்றிரண்டு பேர் கொடியைக் கயிறு மாதிரி பிடித்து இறங்கியதைப் பார்த்து டீச்சர் குரலில் ஒரு அதட்டல் போட்டேன். உடனே விட்டுவிட்டார்கள். ஒருவர் "சாரி மிஸ்" என்றே சொன்னார்!

வழியில் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிற எய்ட் ஸ்டேஷன்களில் வேகவைத்த உருளைக்கிழங்கும் உப்பும், வாழைப்பழம், ஆரஞ்சு, கடலை மிட்டாய், கோலா எல்லாம் இருந்தன. என் பையில் புளியோதரை உருண்டைகள். நல்லெண்ணெய், உப்பு, புளிப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, அலுமினியத் தாளில் சுற்றினால் கெடாது. ஓட்டக்காரர்கள் சக்திக்காகப் பாக்கெட்டில் இருந்து உறிஞ்சுகிற தித்திப்பு ஜெல்லை ஆறு மணி நேரத்துக்கு மேல் என் வயிறு ஏற்காது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டால் தலைச்சுற்றல், குழப்பம், மோசமானால் வலிப்பு வரை போகும். நான் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக்கொண்டேன், தாகம் எடுத்தபோது மட்டும் குடித்தேன். இன்னொன்று, முட்டி வலிக்கிறதே என்று ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளை நடு ஓட்டத்தில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். தயவுசெய்து வேண்டாம்.

அட்டைக்கு வருகிறேன். வேப்பெண்ணெய், மூக்குப்பொடி, டெட்டால் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். எல்லாம் முதல் ஓடை வரைதான். அப்புறம் கழுவிக்கொண்டு போய்விடும். அட்டை இருக்கிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும்: சருகு நுனியில் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு, நூல் கனத்துக்கு உடம்பை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் நம் மூச்சுக் காற்றும் அதற்குத் தகவல். முன்னால் ஓடுகிறவர் அதை எழுப்பிவிட்டுப் போய்விடுவார், பின்னால் வருகிறவர் காலில் ஏறும். நான் எப்போதும் பின்னால் வருகிற கட்சி.

கடிக்கும்போது வலியே தெரியாது. சாக்ஸ் நனைந்திருக்கிறதே, அது தண்ணீரா ரத்தமா என்று பார்த்த பிறகுதான் தெரியும். அதன் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத பொருள் இருக்கிறது, மருத்துவ அட்டையில் இருக்கிற ஹிருடின் இந்த வகையில் பெயர் பெற்றது. அதனால் அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் கசியும், பார்க்கத்தான் பயங்கரம். பிடித்து இழுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தை அடியில் விட்டுப் பக்கவாட்டில் நெம்பினால் விட்டுவிடும். உடனே அது விரலில் ஒட்டிக்கொள்ளும், சுண்டிவிட வேண்டும். சித்த மருத்துவத்தில் அட்டை விடல் என்று காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். எனக்கு இலவசமாகவே இரண்டு காலிலும் நடந்தது.

பாதியைத் தாண்டிய பிறகு மழை பிடித்தது. அதுவரை ஓரமாகவே போய்க்கொண்டிருந்தேன். பிடிமானம்தான் பெரிது, அட்டை கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும் என்று. ஒரு செங்குத்தான இறக்கத்தில் ஓரத்துப் புல்லோடு மண்ணும் பெயர்ந்து, உட்கார்ந்த வாக்கில் பத்துப் பதினைந்து அடி சறுக்கினேன். முழங்கையில் தோல் வழன்றது. எழுந்து பார்த்தால் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள். அங்கிருந்து ஒரு அம்மா, உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, விறகுக் கட்டோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் முழங்கையைப் பார்த்து "ஐயோ அம்மா" என்றதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"எந்த ஊரு கண்ணு?"

"ஓசூரும்மா. நீங்க?"

"எங்க தாத்தா காலத்துலயே ஆத்தூர்ப் பக்கம் இருந்து வந்துட்டாங்க. நான் பொறந்தது இங்கதான்." என் காலைப் பார்த்தார். "ஏன் ஓரமாப் போற? அட்ட ஏறுமில்ல."

"நடுவுல வழுக்குதும்மா."

"வழுக்குனா வழுக்கட்டும். உழுந்தா எந்திரிச்சுக்கலாம். அட்ட கடிச்சா ஒரு வாரத்துக்குச் சொறிஞ்சுட்டே கெடக்கணும்."

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. பிறகு, இப்படி ஓடுவதற்கு எவ்வளவு கூலி என்று கேட்டார். கூலி கிடையாது, நாங்கள்தான் பணம் கட்டி வருகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அப்ப மெதுவாவே போ" என்றார்.

சொல்லிவிட்டு அவர் மேலே நடந்தார். நான் இறங்குவதை விட்டுவிட்டு அந்த நடையைத்தான் பார்த்தேன். தலையில் சுமை, கால்கள் தோளகலத்துக்கு விரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, நட்டநடுச் சேற்றில் தொப் தொப்பென்று. ஒரு அடிகூடப் பின்னால் சறுக்கவில்லை. இடுப்புக்கு மேலே உடம்பு ஆடவே இல்லை. நாங்கள் நுனிக்காலில் துள்ளித் துள்ளி ஏறியதெல்லாம் எதற்கு என்று இருந்தது. காபித் தோட்டங்களில் இப்படித் தமிழ்நாட்டில் இருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. இன்றைக்கு அசாமில் இருந்து வருகிறவர்களும் வேலை செய்கிறார்கள். அவர்கள் தினமும் கூலிக்கு ஏறி இறங்குகிற பாதையில் நாங்கள் வழி காட்ட ரிப்பன் கட்டி ஓடுகிறோம். அது சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் மிளகுக் கொடியைப் பிடிக்காமல், ஜெல் பாக்கெட்டைத் தோட்டத்தில் போடாமல் போவதாவது நம்மால் முடியும். அன்றைக்கு வழியில் நான் பொறுக்கிய பாக்கெட்டுகளே பையில் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டன.

அதற்குப் பிறகு நடுவிலேயே போனேன், அவர் நடந்த மாதிரி, காலை விரித்து. வேகம் குறைந்ததா என்றால், ஓரத்தில் தாவித் தாவிப் போனதைவிட அதிகமாகவே இருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். ரோட்டில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று பேசுகிற பாஷை இங்கே செல்லாது. நான் ஒரு கிலோமீட்டரை எட்டு நிமிடத்திலும் ஓடினேன், அடுத்ததை இருபத்து மூன்று நிமிடத்திலும் கடந்தேன். சராசரி எடுத்து என்ன செய்வது? சராசரி எதையும் சொல்லாத இடங்களும் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு உதாரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மலை உச்சிப் புல்வெளிக்கு வந்தபோது காற்று. அதுவரை வியர்வையும் மழையும் கலந்து ஊறிய சட்டை, இரண்டே நிமிடத்தில் பனிக்கட்டி. பல் தந்தியடித்தது. பையின் அடியில் வைத்திருந்த ரெயின் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். வெயில் நாட்டில் இதை எதற்குச் சுமப்பது என்று கேட்கிறவர்களுக்கு 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததைச் சொல்வேன். 100 கிலோமீட்டர் மலை ஓட்டம், 172 பேர் ஓடினார்கள். திடீரென்று ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் வந்து, உடம்புச் சூடு இறங்கி 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் அந்த நாட்டின் முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். சிக்மகளூர் அவ்வளவு குளிர் நாடு அல்ல. ஆனால் நனைந்த உடம்பும், தீர்ந்துபோன சாப்பாட்டுச் சக்தியும், காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்த மலையும் விளையாடும். ஜாக்கெட் 200 கிராம்கூட இருக்காது.

கடைசிப் பத்துக் கிலோமீட்டர் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. வலித்தது, போனேன். காலையில் நாங்கள் ஓடிய அதே பாதை சில இடங்களில் திரும்ப வந்தது. நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்துக் குழம்பாகியிருந்தது. 80, 110 ஓடுகிறவர்கள் இன்னும் ஒரு இரவு முழுக்க இதில் போக வேண்டும். எதிரில் வந்த ஒருவர் "நைஸ் வெதர்" என்று சிரித்துக்கொண்டே கடந்தார். சேறாக இருக்கிறது என்று எய்ட் ஸ்டேஷனில் ஒருவர் தன்னார்வலப் பையனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பாவம், அந்தப் பையனா மழை பெய்வித்தான்? மலைநாட்டில் அக்டோபரில் மண் காய்ந்திருக்க வேண்டும் என்றால் எப்படி?

9 மணி 50 நிமிடம் சொச்சத்தில் முடித்தேன். தபால் அண்ணன் குளித்து, சாப்பிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சூடாகச் சோறும் சாம்பாரும் கொடுத்தார்கள். முதல் தட்டு எப்படிக் காலியானது என்று தெரியவில்லை, இரண்டாவது தட்டில்தான் ருசி தெரிந்தது.

ஷூவைக் கழற்றியதும் பாதம் வெளுத்துச் சுருங்கி, அடியில் மடிப்பு மடிப்பாக இருந்தது. நாள் முழுக்க ஊறினால் தோல் அப்படித்தான் ஆகும், அந்த நேரத்தில் கொப்புளத்தைக் குத்தினால் தோல் ஏடாகக் கழன்றுவிடும். தொடாமல் துடைத்து, காலைத் தூக்கி வைத்துக் காற்றாட விட்டேன். இரவில் பாதியாவது பழைய நிலைக்கு வந்தது. கிளம்பும் முன்பு பாதம் முழுக்க வாசலின் தடவியதும், விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் போட்டதும் காப்பாற்றின. விரல்களுக்கு நடுவில் ஒரு கொப்புளமும் இல்லை. கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்துவிட்டது, அது இறக்கங்களின் வேலை. ஷூவை அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கடிபட்ட இடங்கள் அந்த அம்மா சொன்ன கணக்குப்படியே அரித்தன. வகுப்பில் கரும்பலகைக்கு எழுதத் திரும்பும்போதெல்லாம் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், பின் பெஞ்சில் சிரிப்பு. ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வைத்து, பல்லுக்கு இடையே காய்ந்த மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். என் வீட்டுக்காரர் அந்தச் செம்மண்ணைக் கூட்டி ரோஜாத் தொட்டியில் போட்டுவிட்டு, "இதோட முடிஞ்சுதுல்ல?" என்றார். ம்ம் என்றேன். குழுவில் அடுத்த முறைக்கு 80-க்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள், தபால் அண்ணன் கொடுத்துவிட்டார், நானும் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவர் இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை.